புற்றுநோய் விடுதியும் நோயாளியின் உள்ளமும்: ஒரு வரலாற்று நோக்கு

1

மருத்துவத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மருந்துகளின் வரலாற்றையும், கருவிகளின் வரலாற்றையும், அவற்றைக் கண்டறிந்தோரின் வரலாற்றையுமே எழுதியுள்ளனர். கட்டிலிற் கிடந்தவரின் வரலாறு அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. புற்றுநோய் தொடர்பாக இக்குறை மேலும் துலக்கமாகத் தெரிகின்றது. எந்தச் சத்திரசிகிச்சை எப்பொழுது அறிமுகமாயிற்று, எந்த மருந்து எந்த ஆண்டில் அங்கீகாரம் பெற்றது என்பனவற்றை ஆண்டுவாரியாக நாம் அறிவோம். ஆனால், அச்சிகிச்சைகளுக்கு உட்பட்டு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வைத்தியசாலை விடுதிகளில் வாழ்ந்தோரின் அச்சமும் துயரும் நம்பிக்கையும் எப்பொழுது மருத்துவத்துக்குரிய பொருளாக ஏற்றுக்கொள்ளப்பட்டன, யாருடைய முயற்சியினால் ஏற்றுக்கொள்ளப்பட்டன என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இவ்விடயத்தில் இரு கருத்துக்கள் பரவலாக நிலவுகின்றன. நோயாளியின் மனநிலை அவரவர் மனவலிமையைப் பொறுத்தது என்பது ஒன்று. மருத்துவம் முதிர்ச்சியடைய அடைய அதன் கருணையும் தானாகவே விரிந்து நோயாளியின் உள்ளத்தையும் உள்ளடக்கிக்கொண்டது என்பது மற்றொன்று. இவ்விரு கருத்துக்களையும் வரலாறு ஆதரிக்கவில்லை என்பதே நமது நிலைப்பாடாகும். விடுதியில் நோயாளி அனுபவித்த உளத்துயரின் கணிசமான பகுதி, சிகிச்சை ஒழுங்கமைக்கப்பட்டிருந்த முறையினாலேயே தோற்றுவிக்கப்பட்டது. அவ்வொழுங்கமைப்பை நோயாளரும், தாதியரும், சில வைத்தியரும், சமூக ஆய்வாளரும் கேள்விக்குட்படுத்தியபொழுதே அத்துயர் குறைந்தது.

இதனை நிறுவுவதற்கு ஐக்கிய அமெரிக்காவினதும் பிரித்தானியாவினதும் அனுபவத்தை எடுத்துக்கொள்கின்றோம். வீரியமிக்க மருந்துகளைப் பயன்படுத்தும் நவீன புற்றுநோய்ச் சிகிச்சை பெருமளவிற்கு அந்நாடுகளின் வைத்தியசாலைகளிலேயே உருவாயிற்று. அதன் உளவியல் விளைவுகள் பற்றிய பதிவுகளும் அங்கேயே விரிவாகக் கிடைக்கின்றன.

2

முதலில் மௌனத்தை நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் புற்றுநோய் என்னும் சொல்லே நோயாளியின் முன்னிலையில் உச்சரிக்கப்படாத சொல்லாக இருந்தது. ‘கட்டி’, ‘வளர்ச்சி’, ‘புண்’ முதலிய பொதுச்சொற்கள் அதற்குப் பதிலாகக் கையாளப்பட்டன. 1961ஆம் ஆண்டில் டொனால்ட் ஓக்கன் என்னும் உளமருத்துவர் சிக்காகோவின் மைக்கல் ரீஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த 219 வைத்தியர்களிடம் நடத்திய ஆய்வு, அவர்களுள் ஏறத்தாழ 90 வீதமானோர் நோயாளிக்கு உண்மையைக் கூறாதிருப்பதையே விரும்பினர் என்பதை வெளிப்படுத்திற்று. உண்மை தெரிந்தால் நோயாளி நம்பிக்கை இழப்பார், தற்கொலைக்கும் துணியலாம் என்பதே அவர்கள் கூறிய நியாயம்.

ஆனால், இதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர், 1950இல், இதே வினா நோயாளரிடம் கேட்கப்பட்டிருந்தது. அமெரிக்க ஆய்வாளர் இருவர் புற்றுநோயாளர் நூறு பேரை வினவியபொழுது 89 பேர் தமது நோயின் பெயரைத் தாம் அறிய விரும்புவதாகக் கூறினர். ஒருபுறம் நூற்றுக்கு எண்பத்தொன்பது நோயாளர் அறிய விரும்பினர். மறுபுறம் நூற்றுக்குத் தொண்ணூறு வைத்தியர் கூற விரும்பவில்லை. இவ்விரு எண்களுக்கும் இடையில் அமைந்துள்ள பிளவே அக்கால வைத்தியசாலையின் அதிகார உறவைத் தெளிவாகக் காட்டுகின்றது. வைத்தியர்களின் நிலைப்பாடு முறையான அவதானிப்பின் மீதன்றி, அவர்தம் சொந்த உணர்வுகளின் மீதும் அச்சங்களின் மீதுமே அமைந்திருந்தது என ஓக்கனே சுட்டிக்காட்டினார். நோயாளியைப் பாதுகாப்பதாகக் கூறப்பட்ட மௌனம், கூறவேண்டியவரையும் பாதுகாத்தது.

இம்மௌனம் விடுதியின் அன்றாட வாழ்வில் எவ்வாறு செயற்பட்டது என்பதைப் பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் ஆகிய சமூகவியலாளர் இருவர் ஆராய்ந்தனர். சான் பிரான்சிஸ்கோப் பகுதி வைத்தியசாலைகளில் நேரடியாகத் தங்கி அவதானித்து 1965இல் அவர்கள் வெளியிட்ட நூல், மரணத்தை எதிர்நோக்கும் நோயாளியைச் சூழ்ந்துள்ள அறிவுநிலைகளை வகைப்படுத்துகின்றது. நோயாளி ஏதும் அறியாதிருத்தல், அவர் ஐயுறுதல், இரு தரப்பினரும் அறிந்திருந்தும் அறியாதவர்போல் நடித்தல், வெளிப்படையாக அறிந்திருத்தல் என்பன அவை. இவற்றுள் மூன்றாவதான பரஸ்பர நடிப்பே பிற்கால ஆய்வாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது. நோயாளி தன் துணையின் முன் நடிக்கின்றார். துணை நோயாளியின் முன் நடிக்கின்றார். தாதி இருவர் முன்னும் நடிக்கின்றார். இவ்வாறு நடிப்பதற்குச் செலவாகும் உழைப்பு எந்தச் சிகிச்சைப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. நோயாளியின் தனிமை அவரது சுபாவத்தினால் விளைந்த ஒன்றாகவே பிறருக்குத் தோற்றமளித்தது. உண்மையில், அது பலர் கூடிப் பேணிய ஓர் ஏற்பாடாகும்.

3

மௌனம் எத்துணை வலுவற்ற திரை என்பதைச் சிறுவர் விடுதிகள் மெய்ப்பித்தன. பொஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் 1947இன் இறுதியில் குருதிப் புற்றுநோயுற்ற சிறுவர்க்கு அமினொப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 1948இல் வெளியான அவரது அறிக்கையின்படி பதினாறு சிறுவருள் பத்துப்பேரிடம் தற்காலிக நோய்த்தணிவு காணப்பட்டது. வாரங்களில் முடிந்த வாழ்வு மாதங்களாக நீண்டது. 1960களின் தொடக்கத்தில் பெதெஸ்டாவிலுள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் ஆகியோர் நான்கு மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறையைப் பரீட்சித்தனர். 1962இல் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் வைத்தியசாலையில் டொனால்ட் பிங்கல் மருந்தையும் கதிர்ச்சிகிச்சையையும் இணைத்துக் கையாண்டார். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் அங்கு சிகிச்சை பெற்ற சிறுவரில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் நீண்டகாலம் உயிர்வாழும் நிலை தோன்றிற்று. மருத்துவ வரலாற்றில் இஃது ஒப்பற்ற சாதனை என்பதில் ஐயமில்லை.

அச்சாதனையின் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீடித்தது. முள்ளந்தண்டில் ஊசி ஏற்றுதலும் என்பு மச்சையை உறிஞ்சி எடுத்தலும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தன. தலைமயிர் உதிர்ந்தது. வெண்குருதியணுக்கள் குன்றிய நாட்களில் தொற்றிலிருந்து காப்பதற்காகச் சில நோயாளர் பிளாஸ்டிக் திரையிட்ட கட்டில்களிலும், வடிகட்டிய காற்று மட்டும் புகும் அறைகளிலும் தனிமைப்படுத்தப்பட்டனர். வருவோர் முகமூடியும் கையுறையும் அணிந்து வந்தனர். உயிரைக் காப்பதற்கு அவசியமான இவ்வேற்பாடு, மிகவும் அஞ்சிய வேளையில் ஒருவருக்கு வேண்டியதான மனிதக் கையின் வெம்மையை அவரிடமிருந்து அகற்றிற்று.

இச்சிறுவர்க்கு நோயின் தன்மை கூறப்படவில்லை. அவர்களாற் புரிந்துகொள்ள இயலாது என்பதே பொதுவான கருத்து. மைரா புளூபொன்ட்-லாங்னர் என்னும் மானிடவியலாளர் 1970களின் முற்பகுதியில் அமெரிக்க வைத்தியசாலையொன்றில் மூன்று முதல் ஒன்பது வயது வரையான குருதிப் புற்றுநோய்ச் சிறுவரோடு பழகிச் செய்த ஆய்வு 1978இல் நூலாக வெளிவந்தது. எவரும் கூறாமலே சிறுவர் தமது நிலையை அறிந்திருந்தனர் என்பதே அந்நூலின் முடிவு. மருந்துகளின் பெயர்களையும் அவற்றின் பக்கவிளைவுகளையும் அவர்கள் அறிந்திருந்தனர். நோய்த்தணிவும் மீள்தாக்கமும் மாறிமாறி வருவதை அறிந்திருந்தனர். தம்மைப் போன்ற வேறொரு சிறுவன் இறந்தபொழுது அச்சுழற்சி எங்கே முடிகின்றது என்பதையும் அறிந்துகொண்டனர். இவ்வறிவைப் பெற்றோரிடமிருந்து மறைத்தனர். பேசினால் தாய் எழுந்து வெளியே போய்விடுவாள் என்பது அவர்களின் அனுபவம். கட்டிலருகே ஆட்களை இருத்திக்கொள்வதற்குச் சிறுவர் கொடுத்த விலையே அந்த மௌனம் ஆகும். பெரியோர் சிறுவரைக் காப்பதாக எண்ணினர். அங்கே சிறுவர் பெரியோரைக் காத்துக்கொண்டிருந்தனர்.

4

மார்பகப் புற்றுநோயின் வரலாறு மற்றொரு பக்கத்தை நமக்குக் காட்டுகின்றது. பால்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் விரிவாக வெளியிட்ட சத்திரசிகிச்சை முறை, மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் கக்கத்து நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றியது. முக்கால் நூற்றாண்டுக் காலம் அதுவே நியமமாக விளங்கிற்று. கை வீங்குதலும் தோள் இறுகுதலும் அதனைத் தொடர்ந்தன. இவற்றிலும் கொடியது, ஒரே மயக்கத்தில் அனைத்தையும் முடிக்கும் வழக்கம். கட்டியிலிருந்து சிறு பகுதி எடுத்துச் சோதிக்கப்படும்; புற்றுநோய் எனத் தெரிந்தால் பெண் மயக்கத்தில் இருக்கும்பொழுதே மார்பகம் அகற்றப்படும். தனக்குப் புற்றுநோய் உண்டா, விழிக்கும்பொழுது தன் உடல் எவ்வாறிருக்கும் என்னும் இரண்டையும் அறியாமலே அவள் சத்திரசிகிச்சைக் கூடத்துள் புகவேண்டியிருந்தது.

இத்தகைய சிகிச்சைகளின் உளவிளைவுகளை முறையாக ஆராயும் முயற்சி 1950களின் தொடக்கத்தில் நியூயோர்க்கின் மெமோரியல் வைத்தியசாலையில் ஆரம்பமாயிற்று. ஆதர் சதர்லண்ட் என்னும் உளமருத்துவரும் அவரது சகாக்களும் மார்பகம் அகற்றப்பட்ட பெண்களையும், குடலுக்குச் செயற்கை வாயில் அமைக்கப்பட்ட நோயாளரையும் விரிவாகச் செவ்வி கண்டனர். உடல் ‘குணமடைந்த’ பின்னரும் வாழ்வு குணமடையாதிருந்ததை அவர்கள் பதிவு செய்தனர்.

அதே காலப்பகுதியில் நோயாளரிடமிருந்தே வேறொரு முயற்சி தோன்றிற்று. 1952இல் மார்பகம் அகற்றப்பட்ட தெரீஸ் லாசர் என்னும் நியூயோர்க் பெண்மணி, தனக்கு எவரும் எதுவும் சொல்லித்தரவில்லை என்பதைக் கண்டு, அதே சிகிச்சைக்குட்பட்ட பெண்களைக் கட்டிலருகே சென்று காணலானார். கையை அசைக்கும் பயிற்சிகளைக் கற்பித்தார். தற்காலிகச் செயற்கை மார்பகத்தைக் கொடுத்தார். இவற்றிலும் மேலாக, சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் எழுந்து நடமாடும் ஒரு பெண்ணாகத் தன்னையே அவர்கள்முன் நிறுத்தினார். சத்திரசிகிச்சை நிபுணர் பலர் இதனைத் தமது எல்லையில் அந்நியர் நுழைவதாகவே கருதினர். எனினும் 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் இம்முயற்சியைத் தனது திட்டமாக ஏற்றுக்கொண்டது.

1970களில் பெண்விடுதலை இயக்கத்தின் செல்வாக்கோடு இக்குரல் மேலும் கூர்மையடைந்தது. பத்திரிகையாளரான ரோஸ் குஷ்னர் 1974இல் தம் மார்பகத்தில் கட்டியைக் கண்டபொழுது சோதனையும் சத்திரசிகிச்சையும் தனித்தனியே நடைபெறவேண்டுமென வலியுறுத்தினார். 1975இல் வெளிவந்த அவரது நூல் ஒரே மயக்க முறையைக் கடுமையாகச் சாடியது. 1979இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் மாநாட்டுக் குழுவில் அவரும் இடம்பெற்றார். சோதனைக்கும் சிகிச்சைக்கும் இடையில் அவகாசம் அளிக்கும் இருபடி முறையை அம்மாநாடு பரிந்துரைத்தது. பேர்னாட் ஃபிஷர் தலைமையில் 1971 முதல் நடைபெற்ற ஒப்பீட்டுப் பரீட்சைகள், ஹால்ஸ்டெட்டின் விரிந்த சத்திரசிகிச்சை கூடுதலான உயிர்களைக் காக்கவில்லை என்பதை நிறுவின. பெண்கள் பல்லாண்டுகளாக அனுபவித்த அத்துணை உடற்சேதமும் அதனோடு இணைந்த உளச்சேதமும் நோயினால் தவிர்க்கமுடியாதவாறு விளைந்தவையல்ல என்பது இதனாற் புலனாயிற்று.

ஆயினும், ஆறுதல் அளிக்கும் முயற்சியே மற்றொரு கட்டளையாக மாறக்கூடும் என்பதை ஓட்ரே லோர்ட் என்னும் கறுப்பினப் பெண்கவிஞர் எடுத்துக்காட்டினார். 1978இல் ஒரு மார்பகம் அகற்றப்பட்ட அவர் செயற்கை மார்பகம் அணிய மறுத்தார். சத்திரசிகிச்சை நிபுணரின் அலுவலகத்துக்கு அவ்வாறே சென்றபொழுது, அது அங்கு வரும் ஏனைய பெண்களின் மனஉறுதிக்குக் கேடு என அங்கிருந்த தாதி கண்டித்ததாக 1980இல் வெளியான தமது நாட்குறிப்பு நூலில் அவர் எழுதியுள்ளார். இழப்பை மறைத்தலே மனநலம் எனக் கொள்ளப்பட்டது. துயருறுவதற்கான உரிமையும் மனநலத்தின் ஒரு பகுதியாகும் என்பதே லோர்ட்டின் வாதத்தின் சாரமெனலாம்.

5

வலியும் அச்சமும் ஒன்றையொன்று வளர்க்கும் முறையைப் பிரித்தானிய அனுபவம் தெளிவாக்கிற்று. சிசிலி சோண்டர்ஸ் தாதியாகவும், வைத்தியசாலைச் சமூகசேவையாளராகவும், பின்னர் வைத்தியராகவும் பயிற்சி பெற்றவர். அக்கால விடுதிகளில் மோர்பின் போன்ற மருந்துகள் நோயாளி வலி தாளாது கேட்டபொழுதே பெரும்பாலும் வழங்கப்பட்டன. இதனால் ஒவ்வொரு நோயாளியும் வலியைச் சகித்து, மன்றாடி, காத்திருந்து, தற்காலிக நிவாரணம் பெற்று, அடுத்த வலியை எதிர்நோக்கி அஞ்சும் ஒரு வட்டத்துள் சிக்கினார். வலி திரும்புமுன் ஒழுங்கான இடைவெளியில் மருந்து வழங்கும் முறையை இலண்டனின் செயின்ட் ஜோசப் இல்லத்தில் 1958 முதல் சோண்டர்ஸ் அவதானித்து வளர்த்தெடுத்தார். 1967இல் செயின்ட் கிறிஸ்தோபர் இல்லத்தைத் தோற்றுவித்தார். உடல், உள்ளம், சமூக உறவு, ஆன்மிகம் ஆகிய நான்கும் பின்னிய ‘முழுமை வலி’ என்னும் அவரது கருத்து 1964 அளவில் உருப்பெற்றது. மருந்தின் அளவை மட்டுமன்றி நேர அட்டவணையையும் மாற்றியதால் நோயாளியின் முகத்தில் மாற்றம் தெரிந்தது என்பது நாம் மனங்கொள்ளவேண்டிய உண்மையாகும். அதுவரை ‘பதகளிப்பு மிக்கவர்’, ‘அடிக்கடி கேட்பவர்’ எனப் பெயரெடுத்தவர்கள் உண்மையில் வேளைக்கு மருந்து கிடைக்காதவர்களே.

மருந்துச் சிகிச்சையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1978இன் இறுதியில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சிஸ்பிளாட்டின் விதைப்பைப் புற்றுநோயைக் குணப்படுத்தும் ஆற்றலுடையது. கடுமையான வாந்தியையும் உண்டாக்குவது. சில தடவைகள் மருந்தேற்றிய பின்னர், வைத்தியசாலையின் மணம் பட்டாலே, தாதியைக் கண்டாலே, சில நோயாளர்க்குக் குமட்டல் எடுத்தது. இதனைப் பலவீன மனத்தின் அறிகுறியாகக் கருதியோரும் இருந்தனர். ஆனால், பவ்லோவ் நாய்களிடம் கண்ட நிபந்தனைப்பட்ட துலங்கலே இங்கும் செயற்படுகின்றது என்பதை உளவியலாளர் விளக்கினர். 1982இல் அமெரிக்காவில் அறுபது நோயாளரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, படிப்படியான தளர்வுப் பயிற்சியால் இக்குமட்டலைக் குறைக்கலாம் எனக் காட்டிற்று. 1991இல் ஒன்டான்செட்ரோன் என்னும் வாந்தித்தடை மருந்து அங்கு அங்கீகாரம் பெற்றபின் சிகிச்சையின் அனுபவமே மாறத்தொடங்கியது.

6

1977இல் நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தில் ஜிம்மி ஹொலண்ட் என்னும் பெண் உளமருத்துவர், புற்றுநோயாளர்க்கென முழுநேர உளமருத்துவப் பிரிவொன்றைத் தோற்றுவித்தார். 1984இல் சர்வதேசச் சங்கமொன்றும் அமைந்தது. 1979இல் ரொச்செஸ்டர் பல்கலைக்கழக வைத்தியரிடையே ஓக்கனின் வினாக்கள் மீண்டும் கேட்கப்பட்டபொழுது 97 வீதமானோர் உண்மையைக் கூறுவதையே விரும்புவதாகப் பதிலிறுத்தனர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தொழிலின் அறநெறி தலைகீழாக மாறிவிட்டது.

இம்மாற்றத்தைக் கருணையின் வளர்ச்சியாக மட்டும் விளக்கமுடியாது. நோய் குணமாகும் வாய்ப்பு உயர்ந்தமையால் உண்மையைக் கூறுவது எளிதாயிற்று. நீண்டகால மருந்துச் சிகிச்சைக்கு நோயாளியின் ஒத்துழைப்பு அவசியமாயிற்று. பரீட்சார்த்தச் சிகிச்சைகளுக்கு அறிந்து அளிக்கும் சம்மதம் சட்டத் தேவையாயிற்று. குடியுரிமை இயக்கம், பெண்கள் இயக்கம், நுகர்வோர் இயக்கம் ஆகியன அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் பழக்கத்தை விடுதிக்குள்ளும் கொண்டுவந்தன. உற்பத்தி முறை மாறுமிடத்து உறவுகளும் மாறுவதுபோலச் சிகிச்சை முறை மாறியபொழுது விடுதியின் உறவுகளும் மாறின.

புதிய துறையின் ஆரம்ப ஆய்வுகளுள் 1983இல் வெளிவந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. மூன்று அமெரிக்க நிலையங்களைச் சேர்ந்த 215 புற்றுநோயாளரைச் சோதித்தபொழுது 47 வீதமானோரிடம் உளநோய் வகைப்பாட்டுக்குள் அடங்கும் குறிகள் காணப்பட்டன. அவர்களுள் மூன்றில் இரு பங்கினரின் நிலை, நெருக்கீட்டுக்கு இசைவடைவதிலுள்ள சிரமமாகும். எஞ்சிய அரைவாசிக்கு மேற்பட்டோர் நோயைத் தமது இயல்பான ஆற்றலோடு எதிர்கொண்டனர். புற்றுநோயாளர் அனைவரும் மனமுடைந்தவர் என்னும் கருத்தையும், எவர்க்கும் உதவி வேண்டியதில்லை என்னும் கருத்தையும் இவ்வெண்கள் ஒருங்கே மறுத்தன. உளமருத்துவச் சொற்கள் ஏற்படுத்தும் இழிவைத் தவிர்க்கும்பொருட்டு, 1990களின் இறுதியில் ஹொலண்டும் சகாக்களும் ‘அவதி’ என்ற பொருள்தரும் எளிய சொல்லையே தேர்ந்து, பூச்சியம் முதல் பத்து வரையான அளவுகோலொன்றில் நோயாளியே தன் அவதியைக் குறித்துக்காட்டும் முறையை அறிமுகப்படுத்தினர். வெப்பநிலையைக் கேட்பதுபோல் துயரையும் கேட்கவேண்டும் என்பது இதன் உட்பொருள்.

7

ஏற்றுக்கொள்ளப்பட்ட எந்தக் கருத்தும் திரிபுக்கு உள்ளாகலாம். நோயாளியின் உள்ளம் முக்கியமெனக் கூறத்தொடங்கியதும், நோய் வந்ததற்கும் நோய் தீராததற்கும் அவ்வுள்ளமே காரணம் என்னும் பழைய எண்ணம் புதுவேடம் பூண்டு வந்தது. கரும்பித்தம் மிகுந்த, துயர இயல்புடைய பெண்களுக்கே மார்பகப் புற்றுநோய் அதிகம் உண்டாகும் என இரண்டாம் நூற்றாண்டிற் கேலன் எழுதினார். உணர்ச்சிகளை அடக்குபவர்க்கே புற்றுநோய் வரும் என இருபதாம் நூற்றாண்டில் வேறு சிலர் எழுதினர். தாமே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சூசன் சொன்டாக் 1978இல் வெளியிட்ட ‘நோய் உருவகமாக’ என்னும் பொருள்படும் நூலில் இப்போக்கைக் கண்டித்தார். இவ்வாறான விளக்கம் நோயோடு பழியையும் நோயாளியின் மீது சுமத்துகின்றது என்பது அவரது வாதம்.

ஆய்வுகளும் இவ்விடயத்தைத் தெளிவுபடுத்தின. 1989இல் டேவிட் ஸ்பீகலும் சகாக்களும் பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 86 பெண்களிடம் செய்த ஆய்வில், குழுவாகக் கூடித் தம் துயரங்களைப் பேசியோர் ஏனையோரிலும் ஏறத்தாழ இரு மடங்கு காலம் உயிர்வாழ்ந்ததாக அறிவித்தனர். பெரும் நம்பிக்கையை ஊட்டிய இம்முடிவு, 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில் உறுதிப்படவில்லை. 2007இல் ஸ்பீகலே நடத்திய மீளாய்விலும் உறுதிப்படவில்லை. ஆனால், கனடிய ஆய்வில் குழுவிற் பங்குபற்றியோரின் உளத்துயரும் வலியும் குறைந்திருந்தன. 1999இல் பிரித்தானியாவில் 578 பெண்களிடம் செய்த ஆய்வு ‘போராடும் மனப்பாங்கு’ ஆயுளை நீட்டுவதற்குச் சான்றில்லை என்றது. 2007இல் தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 1,093 பேர் பற்றிய ஆய்வும் உணர்ச்சிநலம் ஆயுளைத் தீர்மானிக்கவில்லை எனக் கண்டது.

இதிலிருந்து நாம் பெறவேண்டிய முடிவு யாது? துயரைத் தணிப்பதற்கு ஆயுள் நீள்வது ஒரு நிபந்தனையன்று. வலியைத் தணிப்பதற்கு வலியே போதிய காரணமாவதுபோல், துயரைத் தணிப்பதற்குத் துயரே போதிய காரணமாகும். ‘தைரியமாக இருந்தால் வென்றுவிடலாம்’ என்னும் வாசகம் அன்போடு கூறப்படினும், இறப்பவர் தைரியம் போதாமையால் இறந்தார் என்னும் மறைமுகத் தீர்ப்பையும் அது தன்னுள் கொண்டுள்ளது.

8

இன்று மிகக் கடுமையான வைத்தியசாலைச் சிகிச்சைகளுள் ஒன்றாகக் கருதப்படுவது என்பு மச்சை மாற்றீடும் அதன் வழிவந்த மூலவுயிரணு மாற்றீடும் ஆகும். 1957இல் இதற்கான முதல் முயற்சிகளை வெளியிட்ட டொனால் தோமஸ் 1990இல் நோபல் பரிசைப் பெற்றார். இச்சிகிச்சைக்கு உட்படுவோர் உயர்ந்த அளவு மருந்தை ஏற்று, சில வாரங்கள் தனியறையில் தங்கி, வாய்ப்புண், வாந்தி, சோர்வு, தொற்று ஆகியவற்றை அனுபவிக்கின்றனர். குணமாக்குவதே இலக்காகையால் இது சகித்தே ஆகவேண்டிய காலம் என நீண்டகாலம் கருதப்பட்டது. நிவாரணப் பராமரிப்பு இறப்போர்க்குரியது எனவும் எண்ணப்பட்டது.

2016இல் மசாசூசெட்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த ஆய்வாளர் இவ்வெண்ணத்தைச் சோதித்தனர். மாற்றீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட 160 நோயாளரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை மட்டும் நிவாரணப் பராமரிப்புப் பிரிவினர் விடுதியிலேயே ஒழுங்காகச் சென்று கண்டனர். இரண்டு வாரங்களில் அக்குழுவினரின் வாழ்க்கைத்தரம் ஏனையோரிலும் குறைவாகவே சரிந்தது. பதகளிப்பும் உளச்சோர்வும் குறைந்திருந்தன. ஆறு மாதங்களின் பின்னரும் உளச்சோர்வின் குறிகளும் மனவடுவின் குறிகளும் அவர்களிடம் குறைவாகவே காணப்பட்டன. சில வார விடுதி வாழ்வு, உரிய கவனமின்றிக் கழியுமாயின், உடல் தேறிய பின்னரும் உள்ளத்தில் வடுவை விட்டுச்செல்லக்கூடும் என்பதையும், அவ்வடு தவிர்க்கமுடியாததன்று என்பதையும் இவ்வாய்வு காட்டுகின்றது.

இவ்விடத்தில் பொருளாதாரத்தை மறந்துவிட முடியாது. 2013இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடைபெற்ற ஆய்வொன்று, புற்றுநோயாளர் ஏனையோரிலும் 2.65 மடங்கு வங்குரோத்து நிலையை அடையும் வாய்ப்புடையோர் எனக் கண்டது. அவதியை அளக்கும் அளவுகோல் எத்துணை நுட்பமாயினும், அடுத்த சிகிச்சைக்கான கட்டணத்தை எண்ணிக் கண்விழித்திருப்பவரின் துயரை ஆலோசனையினால் மட்டும் தீர்க்க இயலாது. அரச வைத்தியசாலைகளிற் சிகிச்சையை இலவசமாக வழங்கும் நம்மைப் போன்ற நாட்டில் இச்சுமை சற்றுக் குறைவாயினும், போக்குவரத்து, உடன் தங்குவோரின் உணவு, இழந்த நாட்கூலி என்னும் வடிவங்களில் அது ஏழை நோயாளியின் கட்டில்வரை வந்தே தீருகின்றது. நோயின் பெயரை நோயாளிக்கு மறைத்து உறவினர்க்கு மட்டும் கூறும் வழக்கம் நமது குடும்பங்களிலும் நன்கு வேரூன்றியுள்ளது. ஓக்கன் கண்ட மௌனம் நமக்குப் புதியதன்று.

ஆகவே, நோயாளியின் உளநலம் பற்றிப் பேசுவோர் முதலில் அவரது மனத்தை நோக்கியன்றி விடுதியை நோக்கியே வினாக்களைத் தொடுத்தல் தகும். நோயின் பெயர் அவரது மொழியிற் கூறப்பட்டதா? வலிக்குரிய மருந்து வேளைக்கு வந்ததா? தனிமைப்படுத்தப்பட்ட அறையில் அவரோடு பேச ஒருவர் இருந்தாரா? அழுவதற்கு இடமும், வேண்டாம் எனக் கூறுவதற்கு உரிமையும் அளிக்கப்பட்டனவா? வீட்டிற் பிள்ளைகள் உண்டார்களா என்பதை அறியும் வழி அவருக்கு இருந்ததா? இவ்வினாக்களுக்கு விடையளிக்கும் பொறுப்பு வைத்தியசாலையினதும் அரசினதும் சமூகத்தினதுமாகும். தைரியத்தை நாம் நோயாளியிடம் கேட்பதற்கு முன்னர், அவர் தைரியம் கொள்ளத்தக்க விடுதியை அமைத்துக் கொடுத்தோமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.